உயிரின் எழுத்து – 17: அட்டவணை அசைந்த கதை

1966 ஜூன். நியூயார்க் மாநிலத்தின் லாங் ஐலண்டில், கடலோரமாக இருக்கும் கோல்டு ஸ்பிரிங் ஹார்பர் ஆய்வகத்தில் ஆண்டுக் கருத்தரங்கு நடக்கிறது. எடுத்துக்கொண்ட பொருள் மரபுக் குறியீடு. சென்ற சில அத்தியாயங்களாக நாம் பின்தொடர்ந்துவந்த நைரன்பெர்க், கொரானா, கிரிக் மூவரும் வந்திருக்கிறார்கள். வெறும் யுரேசிலால் கோத்த ஆர்.என்.ஏ. இழையைச் சோதனைக் குழாயில் இட்டால் ஃபீனைல்அலனின் என்ற ஒரே அமினோ அமிலம் சங்கிலியாக வருவதை 1961 மே மாதம் பெத்தெஸ்டாவில் நைரன்பெர்க்கின் ஆய்வகத்தில் மத்தேயி கண்டார். அதிலிருந்து ஐந்து ஆண்டுகள்தான் ஆகின்றன. அதற்குள் அட்டவணை ஏறத்தாழ நிறைந்துவிட்டது. உறுதியாகாமல் மிஞ்சிய யு-ஜி-ஏ என்ற கட்டமும் மறு ஆண்டு நிரம்பியது. அது எந்த அமினோ அமிலத்தையும் குறிப்பதில்லை, புரதத்தை இத்தோடு நிறுத்தச் சொல்லும் குறி அது என்று பிரென்னரும் கிரிக்கும் சகாக்களும் 1967-இல் எழுதினார்கள். இந்த யு-ஜி-ஏவை வாசகர்கள் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். கடைசியாகப் பொருள் தெரிந்த இந்தக் கோடான்தான் பின்னாளில் முதலில் பொருள் மாறிக் காட்டியது.

அட்டவணையை மறுபடி ஒருமுறை பார்த்துக்கொள்வோம். எழுத்துகள் நான்கு: யு, சி, ஏ, ஜி. மூன்று மூன்றாகச் சேர்த்தால் 64 கோடான்கள். அவற்றில் 61 அமினோ அமிலங்களைக் குறிக்கின்றன, மூன்று நிறுத்தக் குறிகள். அமினோ அமிலங்களோ இருபதுதான். பங்கீடும் சமமாக இல்லை. லியூசின், செரின், ஆர்ஜினின் மூன்றுக்கும் ஆறாறு கோடான்கள். மெத்தியோனினுக்கும் டிரிப்டோஃபேனுக்கும் ஒவ்வொன்றுதான். 1967-இல் நைரன்பெர்க்கின் குழு ஈ.கோலை பாக்டீரியா, ஆப்பிரிக்க நகத்தவளை, கினிப்பன்றி ஆகிய மூன்றின் கடத்தி ஆர்.என்.ஏ.க்களையும் (கோடானைப் படித்து அதற்குரிய அமினோ அமிலத்தைக் கொண்டுவருபவை) எடுத்து ஒப்பிட்டுப் பார்த்தது. எந்தெந்தக் கோடானை அவை விரும்பிப் பற்றுகின்றன என்பதில் சிறுசிறு வேறுபாடு இருந்தது. பொருளில் வேறுபாடே இல்லை. முந்நூறு கோடி ஆண்டுகளுக்கும் மேலாகத் தனித்தனியே வளர்ந்த கிளைகள் ஒரே அகராதியைப் புரட்டுகின்றன. உயிர்கள் யாவும் ஒரே மூதாதையிடமிருந்து வந்தவை என்பதற்கு இதைவிட வலுவான சான்று அதுவரை யார் கையிலும் கிடைத்ததில்லை.

அங்கேதான் அடுத்த கேள்வி எழுந்தது. ஏன் இந்த அட்டவணை? 64 கோடான்களை இருபது அமினோ அமிலங்களுக்கும் ஒரு நிறுத்தக் குறிக்கும் பங்கிட உள்ள வழிகளை எண்ணினால், ஒன்றுக்குப் பின்னால் 84 சுழியங்கள் போடும் அளவுக்குப் பெரிய எண் வருகிறது. அத்தனையிலும் இந்த ஒன்றை மட்டும் உயிர் எப்படிப் பிடித்தது?

1968-இல் கிரிக் இதற்கு ஒரு விடை எழுதினார். 'மூலக்கூறு உயிரியல் இதழில்' வந்த அந்தக் கட்டுரையின் பொருள் மரபுக் குறியீட்டின் தோற்றம். லெஸ்லி ஆர்கெல் எழுதிய துணைக் கட்டுரையும் அதே இதழில் வந்தது. கிரிக்கின் வாதம் எளிமையானது. ஒரு மரபணுவில் ஓர் எழுத்து மாறினால் ஒரு புரதம் கெடும், உயிர் பிழைத்துக்கொள்ளக்கூடும். குறியீடே மாறினால் அந்தக் கோடான் வரும் எல்லா இடங்களிலும், ஆயிரக்கணக்கான புரதங்களில், ஒரே நேரத்தில் தவறான அமினோ அமிலம் புகும். ஒரு நகரத்தில் நள்ளிரவில் எல்லாப் பேருந்துகளின் தட எண்களையும் மாற்றி எழுதிவிட்டால் மறுநாள் காலையில் என்ன நடக்குமோ அதுதான் செல்லுக்குள்ளும் நடக்கும். ஆகவே, தொடக்கத்தில் ஏதோ ஒரு பங்கீடு தற்செயலாக அமைந்தது, புரதங்கள் பெருகிச் சிக்கலாகிவிட்ட பின் அதை மாற்ற வழியில்லாமல் போயிற்று என்றார். உறைந்துபோன தற்செயல் என்று அவர் இட்ட பெயர் நிலைத்துவிட்டது.

கிரிக் இந்த விடைக்கு வந்ததில் அவருடைய பழைய அனுபவத்துக்குப் பங்கு உண்டு என்று நான் கருதுகிறேன். 1954-இல் ஜார்ஜ் காமோவ் டி.என்.ஏ.யின் பள்ளங்களில் இருபது வடிவங்களைக் கண்டு, இருபது அமினோ அமிலங்கள் அவற்றில் வந்து பொருந்துவதாகச் சொன்னதை முன்பே பார்த்தோம். 1957-இல் கிரிக்கும் கிரிஃபித்தும் ஆர்கெலும் அதைவிட அழகான ஒன்றைக் கட்டினார்கள். எங்கிருந்து தொடங்கினாலும் தவறாகப் படிக்கவே முடியாத குறியீடு வேண்டுமென்றால், 64-இல் ஒரே எழுத்து மூன்றுமுறை வரும் நான்கைக் கழித்து, மீதி அறுபதை மூன்றால் வகுக்க வேண்டும். விடை சரியாக இருபது. கணக்கு அவ்வளவு நேர்த்தியாக வந்ததால் பலரும் அதில் மயங்கினார்கள். யு-யு-யு என்ற கோடானுக்கு அந்தத் திட்டத்தில் இடமே கிடையாது. 1961-இல் முதன்முதலாகப் பொருள் தெரிந்ததோ அதே யு-யு-யு. நேர்த்தியை நம்பி ஒருமுறை சறுக்கியவர், பத்தாண்டு கழித்து இதில் தேடுவதற்கு ஒழுங்கு எதுவும் இல்லாமல் இருக்கலாம் என்று எழுதியதில் வியப்பில்லை. அப்போதும் அவர் மற்ற வழிகளை அடைத்துவிடவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். முதல் நொதியே ஓர் ஆர்.என்.ஏ.வாக இருந்திருக்கலாம் என்ற ஊகமும் அந்தக் கட்டுரையில்தான் இருக்கிறது. ரைபோசோமின் உள்ளே அமினோ அமிலங்களைப் பிணைக்கும் இடம் முழுக்க ஆர்.என்.ஏ.வால் ஆனது என்பது 2000-இல் உறுதியானபோது அந்தத் துணிச்சலின் மதிப்பு தெரிந்தது.

கிரிக்கோடு உடன்படாதவர்களும் அப்போதே இருந்தார்கள். இல்லினாயில் இருந்த கார்ல் வோஸ், கோடானுக்கும் அதன் அமினோ அமிலத்துக்கும் இடையே நேரடியான வேதியியல் ஈர்ப்பு இருக்க வேண்டும் என்று வாதாடினார். அதைச் சோதிக்க ஒவ்வோர் அமினோ அமிலமும் தண்ணீரை எந்த அளவுக்கு விரும்புகிறது என்பதை அளந்து எண் கொடுத்தார். அவர் தேடிய ஈர்ப்புக்கு இன்றுவரை அரைகுறைச் சான்றுகளே கிடைத்துள்ளன. ஆர்ஜினின் போன்ற சில அமினோ அமிலங்களைப் பற்றும் ஆர்.என்.ஏ. துண்டுகளில் அவற்றின் கோடான்கள் எதிர்பார்ப்பைவிடக் கூடுதலாகத் தென்படுகின்றன. எல்லாவற்றுக்கும் அப்படி இல்லை. ஆனால் வோஸ் அளந்து வைத்த எண்கள் வேறொரு கேள்விக்கு விடை காணக் கருவியாகின. அதைச் சொல்வதற்கு முன் அட்டவணையின் உள்ளமைப்பைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும்.

நடு எழுத்து யு-வாக இருக்கும் கோடான்களை எல்லாம் ஓரிடத்தில் வையுங்கள். ஃபீனைல்அலனின், லியூசின், ஐசோலியூசின், மெத்தியோனின், வேலின் ஆகிய ஐந்தும் கிடைக்கும். ஐந்துமே தண்ணீரை வெறுப்பவை. புரதத்தின் உட்புறத்தில் பதுங்குபவை. நடு எழுத்து ஏ-யாக இருப்பவற்றில் அஸ்பார்டிக் அமிலம், குளுடாமிக் அமிலம், லைசின், ஹிஸ்டிடின், அஸ்பராஜின், குளுடமின் என்று தண்ணீரை நாடுபவையே பெரும்பாலும் வருகின்றன. மூன்றாவது எழுத்தோ பல இடங்களில் எதுவாக இருந்தாலும் பொருள் மாறுவதில்லை. ஜி-ஜி என்று தொடங்கும் நான்கும் கிளைசின், ஜி-சி என்று தொடங்கும் நான்கும் அலனின். மூன்றாம் எழுத்தில் ரைபோசோம் காட்டும் இந்தத் தளர்வை 1966-இலேயே கிரிக் ஊகித்திருந்தார். அதன் இயங்குமுறை 2001-இல் கண்ணுக்குத் தெரிந்தது. சிதம்பரத்தில் பிறந்த வெங்கி ராமகிருஷ்ணனின் கேம்பிரிட்ஜ் குழு ரைபோசோமின் சிறிய கூறைப் படிகமாக்கிப் படமெடுத்தபோது, முதல் இரண்டு எழுத்துகளின் இணைப்பை ரைபோசோம் ஒட்டி நின்று அளந்து பார்ப்பதும், மூன்றாவதை ஓரளவு விட்டுக்கொடுப்பதும் அணு அணுவாகத் தெரிந்தன.

இந்த அமைப்பு ஓர் உயிருக்கு என்ன பொருள் தருகிறது? ஹீமோகுளோபினின் பீட்டா சங்கிலியில் ஆறாவது இடத்தை எடுத்துக்கொள்வோம். அங்கே இருப்பது குளுடாமிக் அமிலம், கோடான் ஜி-ஏ-ஜி. மூன்றாவது எழுத்து ஏ-யாக மாறினால் பொருள் மாறாது. யு அல்லது சி ஆனாலும் வருவது அஸ்பார்டிக் அமிலம். அதுவும் அமிலமே, மின்னூட்டமும் அதே. முதல் எழுத்து ஏ-யாக மாறினால் லைசின் வரும். மேற்கு ஆப்பிரிக்காவில் காணப்படும் ஹீமோகுளோபின் சி அதன் விளைவு. ஒப்பளவில் மென்மையான நோய். நடு எழுத்து யு-வாக மாறி ஜி-யு-ஜி ஆகிவிட்டால் தண்ணீரை வெறுக்கும் வேலின் வந்து உட்கார்ந்துகொள்கிறது. ஹீமோகுளோபின் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று ஒட்டி இழையாகின்றன. சிவப்பணு அரிவாளாக வளைகிறது. இந்தியாவில் அரிவாள் அணு மரபு முதலில் பதிவானது நம் நீலகிரியில். 1952-இல் ஹெர்மன் லேமனும் மேரி கட்புஷும் அங்குள்ள பழங்குடி மக்களிடம் அதைக் கண்டு எழுதினார்கள். டி.என்.ஏ.யின் வடிவமே தெரியாத ஆண்டு அது. அட்டவணையின் நடு எழுத்தில் நேரும் ஒரே பிழைக்கு எத்தனை குடும்பங்கள் எத்தனை தலைமுறைகளாக வலி சுமக்கின்றன என்பது அங்குள்ள மருத்துவர்களுக்குத் தெரியும்.

எழுத்துப் பிழைகள் தவிர்க்க முடியாதவை. அப்படியானால் பிழையின் சேதத்தைக் குறைக்கும் அட்டவணையை இயற்கைத் தேர்வு தேடிப் பிடித்திருக்குமா? டிரேசி சோன்போர்னும் வோஸும் 1965-இலேயே இந்தத் திசையில் யோசித்தார்கள். அதை எண்ணிப் பார்க்கக் கணினி வர வேண்டியிருந்தது. 1991-இல் டேவிட் ஹேகும் லாரன்ஸ் ஹர்ஸ்டும் அதைச் செய்தார்கள். அட்டவணையின் கட்டங்களை அப்படியே வைத்துக்கொண்டு, எந்தக் கட்டத் தொகுதிக்கு எந்த அமினோ அமிலம் என்பதை மட்டும் குலுக்கிப் போட்டு 10,000 கற்பனைக் குறியீடுகளை உண்டாக்கினார்கள். ஒவ்வொன்றிலும் எல்லா எழுத்துப் பிழைகளையும் நிகழ்த்தி, அமினோ அமிலத்தின் தண்ணீர் நாட்டம் சராசரியாக எவ்வளவு மாறுகிறது என்று பார்த்தார்கள். அதற்குத்தான் வோஸின் எண்கள். இயற்கையின் அட்டவணையைவிடப் பிழை தாங்கும் குறியீடுகள் 10,000-இல் இரண்டே இரண்டு. 1998-இல் ஸ்டீஃபன் ஃப்ரீலேண்டும் ஹர்ஸ்டும் இன்னும் நுட்பமாகப் போனார்கள். சில எழுத்து மாற்றங்கள் மற்றவற்றைவிட அடிக்கடி நேர்கின்றன. மொழிபெயர்ப்பின்போது மூன்று இடங்களிலும் பிழை ஒரே அளவில் நேர்வதில்லை. இவற்றையும் கணக்கில் சேர்த்துப் பத்து லட்சம் குறியீடுகளோடு ஒப்பிட்டபோது, இயற்கையுடையதை வென்றது ஒன்றுதான்.

பத்து லட்சத்தில் ஒன்று என்ற அந்த முடிவு பெரும் புகழ் பெற்றது. அதைச் சற்றுக் கவனமாகவே எடுத்துக்கொள்ள வேண்டும். இதைவிட மேலான குறியீடுகள் இருக்கின்றன. குருட்டாம்போக்கில் குலுக்காமல் படிப்படியாகத் திருத்திக்கொண்டே போகும் கணினி நிரல் அவற்றை எளிதில் கண்டுபிடித்துவிடுகிறது. நம் அட்டவணை சிகரத்தின் உச்சியில் இல்லை. சரிவில் நல்ல உயரத்தில் நிற்கிறது. அந்த உயரத்தில் ஒரு பகுதி தேர்வின் நேரடி வேலையாகவே இல்லாமல், அட்டவணை வளர்ந்த விதத்தால் தானாகக் கிடைத்ததாகவும் இருக்கலாம்.

எப்படி வளர்ந்தது? 1953-இல் ஸ்டான்லி மில்லர் மீத்தேன், அமோனியா, ஹைட்ரஜன், நீராவி ஆகியவற்றில் மின்பொறி பாய்ச்சிப் பெற்ற எளிய அமினோ அமிலங்களில் கிளைசின், அலனின், அஸ்பார்டிக் அமிலம், வேலின் ஆகியவை உண்டு. இந்த நான்கின் கோடான்களும் ஜி என்ற எழுத்தில் தொடங்குகின்றன. டிரிப்டோஃபேன் போன்ற சிக்கலானவை உயிரில்லாத வேதியியலில் எளிதாக உருவாவதில்லை. செல்லுக்குள் நொதிகள் வந்த பிறகே அவை உண்டாகியிருக்க வேண்டும். ஜே. டி. வாங் 1975-இல் இதைக் கோட்பாடாக வகுத்தார். முதலில் சில அமினோ அமிலங்களே எல்லாக் கோடான்களையும் வைத்திருந்தன; அவற்றிலிருந்து வேதிமாற்றத்தால் புதியவை பிறந்தபோது, பெற்றவை தம் கோடான்களில் ஒரு பங்கை அவற்றுக்கு விட்டுக்கொடுத்தன என்றார். கேட்கக் கதை போலத் தோன்றலாம். ஆனால் அந்தப் பிறப்பின் தடயம் இன்றும் உயிரோடு இருக்கிறது. பல பாக்டீரியாக்களில் குளுடமினுக்கு உரிய கடத்தி ஆர்.என்.ஏ. முதலில் குளுடாமிக் அமிலத்தைத்தான் ஏற்றிக்கொள்கிறது. ஏற்றிய பிறகு, அதன் மீது இருக்கும்போதே, அது குளுடமினாக மாற்றப்படுகிறது. 1968-இல் நைரன்பெர்க்கின் ஆய்வகமே இதைக் கண்டது. வாங் சொன்ன விவரங்கள் எல்லாவற்றையும் எல்லோரும் ஏற்பதில்லை. பழைய அமினோ அமிலங்கள் முன்னே, புதியவை பின்னே என்ற வரிசையைப் பொதுவாக ஏற்கிறார்கள்.

இந்த வளர்ச்சிக் காலத்தில் உயிரினங்கள் இன்றுபோல் தனித்தனிப் பரம்பரைகளாக இருந்திருக்காது என்றும் வோஸ் நினைத்தார். மரபணுக்களை அண்டை அயலோடு தாராளமாகப் பரிமாறிக்கொண்ட செல் கூட்டங்களாக அவை இருந்திருந்தால், அந்தப் பரிமாற்றம் பயன்படுவதற்கே பொதுவான அகராதி தேவைப்பட்டிருக்கும். 2006-இல் அவரும் கலின் வெட்சிகியனும் நைஜல் கோல்டன்ஃபெல்டும் கணினி மாதிரியில் இதைக் காட்டினார்கள். ஒரே குறியீடு உலகெங்கும் பரவியதற்கு நான் படித்த விளக்கங்களில் மிக நிறைவானது இதுவே.

இனி உறைதலுக்கு வருவோம். 1970-களின் இறுதி. கேம்பிரிட்ஜின் மூலக்கூறு உயிரியல் ஆய்வகத்தில் ஃபிரெட் சாங்கரின் குழு மனித மைட்டோகாண்ட்ரியாவின் டி.என்.ஏ.வை எழுத்தெழுத்தாகப் படித்துக்கொண்டிருந்தது. கிரிக் பல்லாண்டுகள் பணியாற்றிய அதே ஆய்வகம்; அவர் அப்போது கலிஃபோர்னியாவின் சால்க் நிறுவனத்துக்குப் போய்விட்டிருந்தார். பார்ட் பேரலும் ஆலன் பேங்கியரும் ஜாக் டிரூயினும் சைட்டோகுரோம் ஆக்சிடேஸ் என்ற புரதத்தின் இரண்டாம் கூறுக்கான மரபணுவைக் கண்டுபிடித்தார்கள். மாட்டு இதயத்திலிருந்து பிரித்த அதே புரதத்தின் அமினோ அமில வரிசை ஏற்கெனவே தெரிந்திருந்தது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது பொருந்தி வந்தன, யு-ஜி-ஏ வரும் இடங்களைத் தவிர. அட்டவணைப்படி அங்கே புரதம் அறுந்து முடிய வேண்டும். அறவில்லை. மாட்டுப் புரதத்தில் அந்த இடங்களில் டிரிப்டோஃபேன் இருந்தது. ஏ-யு-ஏ என்ற கோடானும் ஐசோலியூசினை விட்டு மெத்தியோனினுக்கு மாறியிருப்பதாகத் தெரிந்தது. 1979 நவம்பரில் 'நேச்சர்' இதழில் கட்டுரை வெளியாயிற்று.

அந்தக் கட்டுரையின் தாக்கத்தை இன்று உணர்வது கடினம். பன்னிரண்டு ஆண்டுகளாக அசைக்க முடியாதது என்று உலகம் நம்பிய அட்டவணை, எங்கோ ஆழ்கடலில் வாழும் விசித்திர உயிரில் அசைந்திருந்தால்கூட ஒதுக்கிவிடலாம். அசைந்தது நம் உடம்பில். இதை வாசித்துக்கொண்டிருக்கும் உங்கள் செல்களில் இந்தக் கணம் இரண்டு அகராதிகள் வேலை செய்கின்றன. மைட்டோகாண்ட்ரியாவுக்கு வெளியே, செல்லின் பொதுவெளியில் யு-ஜி-ஏ என்றால் நிறுத்து. அதே செல்லின் மைட்டோகாண்ட்ரியாவுக்குள் யு-ஜி-ஏ என்றால் டிரிப்டோஃபேன்.

கிரிக்கின் வாதம் இதனால் உடைந்ததா? சரியாகச் சொன்னால், எங்கே செல்லும், எங்கே செல்லாது என்பது தெளிவாயிற்று. 1981-இல் மனித மைட்டோகாண்ட்ரிய டி.என்.ஏ. முழுதும் படிக்கப்பட்டது. மொத்தம் 16,569 எழுத்து இணைகள், அவற்றில் உருவாகும் புரதங்கள் 13 மட்டுமே. ஒரு காலத்தில் தனி பாக்டீரியாவாக இருந்தது தன் மரபணுக்களில் பெரும்பாலானவற்றை இழந்தும் உட்கருவிடம் ஒப்படைத்தும் சுருங்கிப்போயிற்று. ஆயிரக்கணக்கான புரதங்களில் பேரழிவாக முடியும் மாற்றம் பதின்மூன்றில் தாங்கக்கூடியதாகிறது. விலை குறைந்தால் உறைவு இளகும். கிரிக் சொன்ன காரணம் சரி. அந்தக் காரணம் எல்லா இடத்திலும் ஒரே வலிமையோடு இருக்கும் என்று எடுத்துக்கொண்டதுதான் தவறு.

அது மைட்டோகாண்ட்ரியாவின் தனிக் கதை என்று சொல்லி முடிக்கவும் வழியில்லாமல் போயிற்று. 1985-இல் ஜப்பானின் நகோயாவிலிருந்து சியோசோ ஒசாவாவின் குழு, ஆடுகளுக்கு நோய் தரும் மைக்கோபிளாஸ்மா கேப்ரிகோலம் என்ற பாக்டீரியாவில் யு-ஜி-ஏ டிரிப்டோஃபேனைக் குறிப்பதாக அறிவித்தது. அதே ஆண்டில் பாரமீசியத்தில் யு-ஏ-ஏ, யு-ஏ-ஜி என்ற இரண்டு நிறுத்தக் குறிகள் குளுடமினாக மாறியிருப்பது தெரிந்தது. பள்ளி நுண்ணோக்கியில் செருப்பு வடிவில் நாம் பார்த்து வரைந்த அதே பாரமீசியம்தான்.

ஒசாவா கண்டுபிடிப்போடு நிற்காமல், பிழை எதுவும் நேராமலேயே குறியீடு எப்படி மாற முடியும் என்பதைத் தாமஸ் ஜுக்ஸோடு சேர்ந்து விளக்கினார். இந்தத் தொடரில் நான் மிக ஆவலோடு எழுதக் காத்திருந்த பகுதி இது. மைக்கோபிளாஸ்மாவின் டி.என்.ஏ.யில் ஜி, சி எழுத்துகள் சுமார் கால் பங்குதான். அதன் சடுதி மாற்றங்கள் ஒரே திசையில் சாய்ந்தவை. ஜி-யும் சி-யும் தொடர்ந்து தேய்ந்து ஏ-யும் டி-யும் (ஆர்.என்.ஏ.யில் இதன் இடத்தில் வருவதே யு) பெருகுகின்றன. இந்தச் சாய்வில் நிறுத்தக் குறியான யு-ஜி-ஏக்கள் ஒவ்வொன்றாக யு-ஏ-ஏ ஆகின்றன. அதுவும் நிறுத்தக் குறியே என்பதால் எந்தப் புரதமும் கெடுவதில்லை. ஒரு கட்டத்தில் யு-ஜி-ஏ எங்குமே மிஞ்சாது. அதைப் படித்து நிறுத்தும் புரதத்துக்கு வேலை இல்லாமல் போய், அதன் மரபணுவும் தொலைகிறது. கோடான் இப்போது ஆளில்லாத கட்டம். பிறகு டிரிப்டோஃபேனின் கடத்தி ஆர்.என்.ஏ. மரபணு இரட்டித்து, ஒரு பிரதியில் ஓர் எழுத்து மாறி, யு-ஜி-ஏவையும் படிக்கத் தொடங்குகிறது. படிக்க எங்கும் யு-ஜி-ஏ இல்லாததால் அப்போதும் தீங்கில்லை. அதன்பின் டிரிப்டோஃபேனின் பழைய கோடானான யு-ஜி-ஜி அதே சாய்வால் யு-ஜி-ஏ ஆக மாறி மாறிப் பெருகுகிறது. வெறுமையாகி, கைமாறி, மறுபடி நிறைந்த அந்தப் பாதையில் ஓர் இடத்தில்கூட உயிரியின் ஒரு புரதமும் கெடவில்லை. இயற்கைத் தேர்வு இங்கே எதையும் விரும்பித் தேடவில்லை. சடுதி மாற்றத்தின் சாய்வே வேலையைச் செய்து முடித்தது.

எல்லா மாற்றமும் இப்படி அமைதியாக நடந்ததாகச் சொல்ல முடியாது. கேண்டிடா என்னும் பூஞ்சைப் பேரினத்தில் சி-யு-ஜி என்ற கோடான் லியூசினை விட்டுச் செரினுக்குப் போயிருப்பது 1989-இல் ஜப்பானில் தெரிந்தது. லியூசின் தண்ணீரை வெறுப்பது, செரின் நாடுவது. இதைவிடப் பொருந்தாத கைமாற்றம் அரிது. டென்னிஸ் ஷுல்ட்ஸும் மைக்கேல் யாரஸும் 1994-இல், ஒரு கோடான் இரண்டு பொருளைச் சுமக்கும் இடைக்காலம் இருந்திருக்க வேண்டும் என்றார்கள். வாய்ப்புண்ணும் வெள்ளைப்படுதலும் உண்டாக்கும் கேண்டிடா அல்பிகன்ஸில் அந்த இடைக்காலம் இன்னும் முடியவே இல்லை. அதன் சி-யு-ஜிகளில் ஏறத்தாழ 97 சதவீதம் செரினாகவும் 3 சதவீதம் லியூசினாகவும் படிக்கப்படுகின்றன. போர்ச்சுகலின் அவெய்ரோவில் மானுவல் சாந்தோஸின் குழு ஆய்வகத்தில் லியூசின் பங்கைப் பல மடங்கு கூட்டிப் பார்த்தது. பூஞ்சை சாகவில்லை, அதன் உருவமும் நடத்தையும் பலவிதமாகக் கிளைத்தன. ஒரே மரபணுவிலிருந்து சற்றே வேறுபட்ட பல புரதங்கள் வருவது, மனித உடலின் எதிர்ப்புக்கு நடுவே வாழ வேண்டிய பூஞ்சைக்கு ஆதாயமாகவும் இருக்கலாம்.

இருபது என்ற எண்ணும் நிலைக்கவில்லை. 1986-இல் செலினியம் கொண்ட செலினோசிஸ்டீன் என்ற இருபத்தொன்றாவது அமினோ அமிலத்துக்கும் கோடான் உண்டு என்று தெரிந்தது. எது என்று கேட்டால், மறுபடி யு-ஜி-ஏதான். ஆர்.என்.ஏ.யில் தனி மடிப்பு ஒன்று இருந்தால் மட்டும் அங்கே ரைபோசோம் நிற்காமல் செலினோசிஸ்டீனைச் சேர்க்கிறது. மனிதருக்கு இப்படிப்பட்ட புரதங்கள் 25. தைராய்டு ஹார்மோனைச் செயலூக்கம் பெறச் செய்யும் நொதி அவற்றில் ஒன்று. 2002-இல் மீத்தேன் உண்டாக்கும் நுண்ணுயிர் ஒன்றில் பைரோலைசின் என்ற இருபத்திரண்டாவது வந்து சேர்ந்தது. 2016-இல் கான்டிலோஸ்டோமா மேக்னம் என்ற ஒற்றைச் செல் உயிரில் மூன்று நிறுத்தக் குறிகளுமே அமினோ அமிலங்களையும் குறிக்கும் என்று கண்டார்கள். ஆர்.என்.ஏ.யின் வால்பகுதி அருகில் வந்தால் மட்டும் அவற்றை நிறுத்தமாக எடுத்துக்கொள்கிறது அந்தச் செல்.

இன்று ஆய்வாளர்கள் பயன்படுத்தும் மரபணுத் தரவுத்தளங்களில் இருபத்தைந்துக்கும் மேற்பட்ட குறியீட்டு அட்டவணைகள் எண் போட்டு வைக்கப்பட்டிருக்கின்றன. எண்ணிக்கையைப் பார்த்து, குறியீடு கண்டபடி மாறக்கூடியது என்ற முடிவுக்குப் போய்விடக் கூடாது. அத்தனையும் ஒரே மூல அட்டவணையில் சில கட்டங்கள் மட்டும் திருத்தப்பட்ட படிகள். மாறியவை பெரும்பாலும் ஓரத்துக் கட்டங்கள். நிறுத்தக் குறிகள் அதிகம் மாறக் காரணம், ஒரு மரபணுவுக்கு ஒன்று என்ற அளவில் அவை அரிதாகவே வருவதுதான். சிறுத்துப்போன மரபுத் தொகுதிகள், ஒரு பக்கம் சாய்ந்த சடுதி மாற்றங்கள், அரிதாகிப்போன கோடான்கள் ஆகிய இடங்களில் மட்டுமே உறைவு இளகியிருக்கிறது. கிரிக்கின் உறைவு ஏறத்தாழ முழுவதும் சரி. தற்செயல் என்பதில்தான் அவர் அதிகம் விட்டுக்கொடுத்துவிட்டார் என்பது என் முடிவு. தொடக்கத்தில் தற்செயலுக்குப் பங்கு இருந்திருக்கலாம். ஆனால் பிழையைத் தாங்கும் இந்த அமைப்பு, புதிய அமினோ அமிலங்கள் தம் உறவினரின் பக்கத்தில் இடம் பிடித்த வரிசை, எல்லோருக்கும் பொது அகராதி வேண்டியிருந்த கட்டாயம் ஆகிய மூன்றும் சேர்ந்து செதுக்கிய பிறகே அது உறைந்தது.

பள்ளிகளில் உயிரியல் கற்பிக்கும் ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். 64 கட்ட அட்டவணையைக் கரும்பலகையில் வரைந்து, எல்லா உயிருக்கும் இது பொது என்று எழுதும்போது, யு-ஜி-ஏ கட்டத்துக்குப் பக்கத்தில் 1979 என்ற ஆண்டையும் எழுதுங்கள். தங்கள் உடம்பிலேயே இரண்டு அகராதிகள் இருக்கின்றன என்று கேள்விப்படும் மாணவர்களில் சிலராவது அடுத்த கேள்வியைக் கேட்பார்கள்.

இயற்கை கோடிக்கணக்கான ஆண்டுகளில் சில கட்டங்களை மாற்றியது. 2019-இல் கேம்பிரிட்ஜில் ஜேசன் சின் குழு ஈ.கோலையின் மரபுத் தொகுதி முழுவதையும் செயற்கையாகக் கட்டி, 18,214 இடங்களில் கோடான்களை மாற்றி எழுதி, 61 கோடான்களோடு வாழும் பாக்டீரியாவை உண்டாக்கியது. அதை எப்படிச் செய்தார்கள், வைரஸ்கள் அந்த பாக்டீரியாவிடம் ஏன் தோற்றன என்பதை அடுத்த இதழில் எழுதுகிறேன்.

(தொடரும்)